லாஞ்சுக்கு முந்தி இரண்டு மிடறு

கப்பலில் ஆள் எத்தனை, அடுத்த துறைக்கு எத்தனை நாள் ஓட்டம், இந்த இரண்டையும் சொல்லிவிட்டால் போதும். குணரத்தினம் விரல் மடிக்காமல் தண்ணீர்க் கணக்குச் சொல்லிவிடுவார். குடிக்க இவ்வளவு, சமைக்க இவ்வளவு, குளிக்கத் தோய்க்க இவ்வளவு, வெக்கை கூடிய கடலென்றால் ஆளுக்கு இன்னும் கொஞ்சம். திருகோணமலைத் துறைமுகத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு நல்ல தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கும் இரும்புப் படகுக்கு அவர்தான் தண்டல், படகை நடத்தும் தலைவர். அந்தப் படகை ஊரில் எல்லாரும் 'வாட்டர் போட்' என்பார்கள். அவரையும் 'வாட்டர் போட் குணரத்தினம்' என்றால்தான் தெரியும். வெள்ளைக்காரக் கப்பல் அதிகாரி பென்சிலும் கடதாசியுமாகக் கூட்டிக் கழித்து முடிப்பதற்குள் இவர் சொன்ன தொகை சரியாக வந்து நிற்கும்.

அப்படிப்பட்ட மனிதர் ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்ட ஒரு கேள்விக்குக் கணக்குச் சொல்லத் தெரியாமல் நின்றார்.

"உங்கட மனுசி ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறவ?"

பூரணி கட்டிலில் முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தாள். இடுப்பில் தொடங்கின குத்து அடிவயிறு வரைக்கும் இறங்கி, காய்ச்சலும் நடுக்கமுமாக அவளை அன்றைக்குக் காரில் போட்டுத்தான் கொண்டுவந்திருந்தார்கள். குணரத்தினம் அவளைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள்.

"எல்லாரையும் போலத்தான், டொக்டர்" என்றார்.

டொக்டர் அந்தப் பதிலை எழுதவில்லை. பூரணியிடம் திரும்பிக் கேட்டார். அவள் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லுகிற குரலிலேயே, ஒளிக்காமல் மறைக்காமல் சொன்னாள். காலமை லாஞ்சுக்குப் போக முந்தி இரண்டு மிடறு தேத்தண்ணி. பிறகு பின்னேரம் வீட்டுக்கு வந்துதான் மற்றது.

"இடையிலை?"

"இடையிலை இல்லை."

"தாகம் எடுக்கிறேல்லையா?"

"முந்தி எடுத்தது. இப்ப பழகிட்டுது."

எவ்வளவு காலமாக என்று டொக்டர் கேட்டார். மூதூருக்குப் படிப்பிக்கப் போகத் தொடங்கின அடுத்த வருசத்திலிருந்து என்றாள். மகன் பிறக்க முந்தி. மகனோ அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்தான்.

டொக்டர் தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிதானமாக விளங்கப்படுத்தினார். எட்டுக் கிளாஸ், பத்துக் கிளாஸ் என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்லுவார்கள், அது ஆளையும் வேலையையும் வெயிலையும் பொறுத்தது. ஆனால் இந்த ஊர் வெயிலில் ஒரு மனிதர் பகல் முழுக்கத் தொண்டை காய்ந்து இருக்கக்கூடாது. போகிற நீர் தெளிவாகப் போகவேண்டும். மஞ்சளித்துப் போனால் குடிக்கிறது காணாது, போதவில்லை என்று அர்த்தம். இவவுக்குக் கல்லும் இருக்கிறது, கிருமியும் ஏறியிருக்கிறது. வந்தால் போகாமல் அடக்குவதும் கூடாது, போகவேண்டி வரும் என்று குடிக்காமல் விடுவதும் கூடாது.

குணரத்தினம் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். எதற்காக அவள் குடிக்காமல் விட்டாள் என்று டொக்டர் கேட்கவில்லை. அது நல்லதாகப் போயிற்று. கேட்டிருந்தால் பதில் அவரிடம் இருந்தது.

மூதூருக்கு ஆளேற்றிப் போகும் லாஞ்சு, அந்த மோட்டார்ப் படகு, காலையில் நகரத்து ஜெட்டியிலிருந்து புறப்பட்டு, துறைமுக வாயைத் தாண்டி, கொட்டியாரக் குடாவைக் குறுக்கறுத்துப் போய்ச் சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகும். காற்றுக்காலத்தில் இன்னும் கூடும். ஆட்களும் சைக்கிளும் வெங்காய மூட்டையும் கோழிக்கூடும் ஏறுகிற அந்த லாஞ்சில் ஆம்பிளைகளுக்கே ஒதுங்க இடமில்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களுக்கென்று ஒரு மலகூடம் இருந்தது. அதன் சாவி தலைமையாசிரியரின் கதிரைக்குப் பின்னால், சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. ஆம்பிளை ஆசிரியர்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலுள்ள பற்றைப் பக்கம் போய்விடுவார்கள். பெண் ஆசிரியை என்றால் அறைக்குள் போய், அங்கே இருக்கிற அத்தனை ஆம்பிளைகளுக்கும் முன்னால், தலைமையாசிரியரைக் கடந்து கையை நீட்டி அந்தச் சாவியை எடுக்கவேண்டும். பூரணி அந்தச் சாவியை ஒருநாளாவது தொட்டதில்லை.

அவளோடு படிப்பித்த பரீதா மூதூர்க்காரி. அவளுடைய வீடு பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட. இடைவேளைக்கு ஓட்டமும் நடையுமாகப் போய் வந்துவிடுவாள். முதல் வருசம் பூரணியையும் சில நாட்களில் கூட்டிக்கொண்டு போனாள். அப்படி ஒருநாள் பள்ளிக்கூடம் விட்ட கையோடு பரீதா வீட்டுக்குப் போய் ஒதுங்கிவிட்டுத் திரும்ப, கடைசி லாஞ்சு கயிறு அவிழ்த்துவிட்டது. பூரணி அன்றிரவு பரீதா வீட்டில் தங்கவேண்டியதாயிற்று. சொல்லியனுப்ப வழியில்லை. குணரத்தினம் லாஞ்சிலிருந்து இறங்கின ஒவ்வொரு முகத்தையும் பார்த்துவிட்டு, வெறும் ஜெட்டியில் நெடுநேரம் நின்றார்.

அடுத்த நாள் காலை அவள் வந்து படலையைத் திறந்தபோது, பக்கத்து வீட்டு நல்லம்மா வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள். உறவுமுறையில் குணரத்தினத்துக்கு அக்காள். நாக்கில் சுண்ணாம்பு தடவின மாதிரிப் பேசுகிறவள்.

"என்ன டீச்சர், மூதூரிலையும் ஒரு வீடு எடுத்தாச்சோ?"

பூரணி நடந்ததைத் தாழ்ந்த குரலில் புருசனுக்குச் சொன்னாள். இரவு முழுக்க அவள் கடலில் போய்விட்டாளோ என்று பயந்து கிடந்த மனிதர், அவளை உயிரோடு கண்ட சந்தோசத்தைக் காட்டியிருக்கலாம். ஆனால் வேலிக்கு மேலால் நல்லம்மா இன்னும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் கேட்கட்டும் என்று ஒரு கதை சொன்னார்.

"காலமை ஒரு கோப்பைத் தண்ணியைக் குறைச்சுக் குடிச்சால் செத்தே போவாய்?"

பூரணி குசினிக்குள் போனாள். மறுநாள் காலையில் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து இரண்டு மிடறு குடித்துவிட்டு மிச்சத்தைப் புருசனின் கோப்பைக்குள் ஊற்றினாள். அவர் அதையும் சேர்த்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போனார். அன்றிலிருந்து அவரது கோப்பை எப்போதும் நிறைந்துதான் வந்தது. ஏன் என்று அவர் கேட்டதில்லை. அவள் லாஞ்சைத் தவறவிட்டதும் இல்லை. 'என்ர மனுசி மணிக்கூடு மாதிரி' என்று துறைமுகத்தில் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

ஒருமுறை பெருநாளுக்குப் பரீதா வீட்டில் குடும்பமாகச் சாப்பாடு. பூரணி நன்னாரி சர்பத்தை உதட்டில் தொட்டுவிட்டு வைப்பதைக் கண்ட பரீதா சொன்னாள்: "எங்களுக்கு வருசத்தில ஒரு மாதம்தான் நோன்பு. அதுவும் பொழுதுபட்டதும் மஃரிபோட துறந்திருவம். டீச்சருக்குப் பன்னிரண்டு மாதமும் நோன்பு."

கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விடக் கூடச் சிரித்தவர் குணரத்தினம்தான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து அந்தச் சிரிப்பையும் அவர் நினைத்தார்.

அவள் எழுந்து நடமாடி மீண்டும் வேலைக்குப் போகத் தொடங்கின கிழமையில், குணரத்தினம் லீவு போட்டுவிட்டு அவளோடு கூடவே லாஞ்சில் ஏறினார். தலைமையாசிரியர் மரியாதையாகக் கதிரை போட்டு, தேத்தண்ணிக்குச் சொல்லி அனுப்பினார். குணரத்தினம் காற்றுக்காலத்தைப் பற்றிக் கதைத்தார், துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் குறைந்துபோனதைப் பற்றிக் கதைத்தார். கண் மட்டும் அந்த ஆணியிலேயே நின்றது. ஒரு ஆம்பிளை இன்னொரு ஆம்பிளையிடம் போய்த் தன் பெண்சாதி ஒதுங்கப் போவதைப் பற்றிக் கதைக்கிறதா என்று எத்தனை வருசமாக வாயை மூடிக்கொண்டிருந்தாரோ, அதே வெட்கம் இப்போதும் பக்கத்தில் வந்து குந்தியது. தேத்தண்ணி வந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, கோப்பையைப் பார்த்தபடியே சொன்னார்.

"சேர், அந்தச் சாவி அங்கை தொங்கிறதாலை பொம்பிளையள் எடுக்க வெக்கப்படினம்."

தலைமையாசிரியருக்கு முதலில் விளங்கவில்லை. திரும்பிச் சுவரைப் பார்த்தார். விளங்கியதும் அவருடைய முகம் சின்னதாகிப் போய்விட்டது. எழுந்து சாவியைக் கழற்றி, வாசலில் நின்ற பரீதாவைக் கூப்பிட்டு அவளுடைய கையில் கொடுத்தார். இனி இது பெண் ஆசிரியைகளின் பொறுப்பு என்றார்.

"ஒருத்தரும் சொல்லேல்லையே, தம்பி" என்றார். "சொல்லாட்டிலும், நானும் பொம்பிளைப் பிள்ளையளைப் பெத்தவன், எனக்கு விளங்கியிருக்கவேணும்."

குணரத்தினத்தின் கையிலிருந்த தேத்தண்ணி அப்போதும் சூடாகத்தான் இருந்தது. இவ்வளவுதானா என்று அவருக்கு இருந்தது. பெரிய மலையென்று நினைத்துச் சுற்றிச் சுற்றி வந்தது கடைசியில் ஒரு ஆணியும் சாவியும். 

அதற்குப் பிறகு காலையில் அவரே தண்ணீர் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, கழுவின சர்பத் போத்தலில் நிரப்பி, கடதாசியைச் சுருட்டி அடைத்து அவளுடைய பையில் வைத்தார். பின்னேரம் போத்தல் வெறுமையாக வந்தது. ஒவ்வொரு நாளும் வெறுமையாக வந்தது. குணரத்தினம் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து மனம் ஆறினார்.

ஒருநாள் ஜெட்டியில் லாஞ்சுக்கார சரீப் அவரைக் கண்டு சிரித்தான். டிக்கட் கிழிக்கிறவன், பகிடிக்காரன்.

"அண்ணே, உங்கட வாட்டர் போட் கப்பலுக்குத்தானே தண்ணி குடுக்குது? டீச்சர் கடலுக்கே தண்ணி குடுக்கிறாங்க."

என்னவென்று கேட்டார். திரும்பி வரும்போது குடாவின் நடுவில் டீச்சர் போத்தலைத் திறந்து ஓரமாகப் பிடித்து ஊற்றுவதை லாஞ்சில் எல்லாரும் பார்த்திருக்கிறோம், ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்தோம் என்றான்.

குணரத்தினம் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போடவில்லை. சத்தம் போட்ட ஒரு நாள் போதுமென்றிருந்தது. போத்தலை மேசையில் வைத்துவிட்டு அவளுக்கு முன்னால் இருந்தார். அவளுக்கு விளங்கிவிட்டது.

"வேணுமெண்டு செய்யேல்லை" என்றாள். "போத்தலை வாயிலை வைச்ச உடனை லாஞ்சுதான் ஞாபகம் வருது. தொண்டை மூடிப்போகுது. சாவி இருக்கெண்டு மனசுக்குத் தெரியும், தொண்டைக்குத் தெரியேல்லையே. நீங்கள் ஆசையாக் கட்டித் தாறியள். திருப்பிக் கொண்டந்து காட்ட மனமில்லை. அதுதான் ஊத்தினனான்."

 மிதித்து மிதித்து இறுகின மண் ஒரு மழைக்கு இளகாது என்பது அவருக்கும் தெரியும். அலைந்து திரிந்து, தெரிந்தவரைப் பிடித்து, நகரத்துப் பக்கம், அவர்கள் குடியிருந்த பாலையூற்றிலிருந்து நடந்து போகக்கூடிய ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவளுக்கு மாற்றம் எடுத்துக் கொடுத்தார். லாஞ்சு என்ற கதையே இல்லாமல் போயிற்று. வேலை விட்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்து, கதை சொல்லிச் சொல்லிக் குடிக்கவைத்தார். கப்பலில் நடந்த புதினம், நல்லம்மாவின் மருமகனின் வாய், எதுவும் சொல்லுவார். கதை ருசித்தால் அவள் தன்னையறியாமல் நாலு மிடறு குடிப்பாள். கதை முடிந்தால் கோப்பை கீழே போய்விடும். கதைக்குக் கதை கூட்டிக்கொண்டு போனார். ஓரளவு பழகித்தான் வந்தாள். ஆனால் கல் போன இடத்தில் இன்னொரு கல் வந்தது. காய்ச்சல் வந்து போய், வந்து போய், கடைசியில் ஒரு மாரிக்குப் பிறகு முகமும் காலும் வீங்கிக்கொண்டு வந்தது.

அதே டொக்டர்தான் பார்த்தார். தலைமயிர் நரைத்திருந்தது. சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதைக் கைவிட்டுக்கொண்டு வருகிறது என்றார். கொழும்புக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள், ஆனால் அலைச்சல்தான் மிஞ்சும் என்பதையும் மறைக்கவில்லை. குணரத்தினம் கொண்டுபோய்க் காட்டினார். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். திரும்பி வந்தபோது டொக்டர் மேசையிலிருந்த சின்னத் தம்ளரைத் தூக்கிக் காட்டினார்.

"இனி இந்த அளவுதான். நாள் முழுக்க. கூடக் குடுத்தால் உள்ளை போன தண்ணி வெளியிலை போகாது, நெஞ்சிலை ஏறிப்போகும்."

குணரத்தினம் தம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, வருசக்கணக்காக நெஞ்சுக்குள் கிடந்ததைக் கேட்டார்.

"அந்தக் காலத்திலை ஒழுங்காக் குடிச்சிருந்தால் இது வந்திராது, என்ன டொக்டர்?"

"அப்பிடி அடிச்சுச் சொல்ல ஏலாது" என்றார் டொக்டர். "நல்லாத் தண்ணி குடிக்கிறவைக்கும் வாறது. உங்கட மனுசிக்கு அது உதவி செய்யேல்லை எண்டு மட்டும்தான் நான் சொல்லுவன்."

ஓம் என்று சொல்லியிருந்தால் அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்திருப்பார். இல்லையென்றால் இறக்கி வைத்திருப்பார். இது இரண்டுக்கும் நடுவில் நின்றது.

அந்த நேரத்தில்தான் தாகம் வந்தது. எத்தனையோ வருசம் வராமலிருந்த தாகம், வீடு தேடிவந்த கடன்காரனைப் போல வாசலில் குந்திக்கொண்டது. பூரணியின் உதடு வெடித்தது. நாக்கு ஒட்டிக்கொண்டு பேச்சுக் குழறியது. குணரத்தினம் மீன்காரரின் வாடியிலிருந்து ஐஸ் கட்டி வாங்கிவந்து, கழுவி, துணியில் சுற்றி உடைத்து, சின்னத் துண்டாக அவளுடைய வாயில் வைத்தார். பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினார். அவள் பஞ்சையே உறிஞ்சினாள். எந்தத் தண்ணீரைக் குடி குடி என்று கெஞ்சினாரோ, அந்தத் தண்ணீரை இப்போது அவள் கேட்கக் கேட்க இல்லையென்று சொல்லவேண்டியவர் அவர்தான்.

"கொஞ்சம் குறைச்சுக் குடி, பூரணி" என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

பூரணி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். வீங்கின முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"இந்தக் கதையை நான் முந்தியும் கேட்டனான்" என்றாள்.

அவள் அந்தச் சொல்லைப் பற்றி வாய் திறந்தது அந்த ஒரு தரம்தான். பகிடியாகத்தான் சொன்னாள். அவர் எழுந்து கிணற்றடிக்குப் போய், வாளியை இறக்கி, ஒரு காரணமும் இல்லாமல் தண்ணீர் அள்ளி வாழைக்கு ஊற்றினார். மறுபடி அள்ளினார். மறுபடி ஊற்றினார்.

கடைசிக் கிழமையில் அவளுக்குப் புத்தி தடுமாறத் தொடங்கியது. சில நேரம் மகனைக் கூப்பிட்டுப் பாடம் கேட்டாள். மகனோ கண்டியில் படித்துக்கொண்டிருந்தான், தந்தி போயிருந்தது, அடுத்த நாள் வந்துவிடுவான். ஒரு மத்தியானம், வெயில் கூரைத் தகட்டைச் சுட்டுக்கொண்டிருந்தபோது, தூரத்தில் துறைமுகப் பக்கம் ஏதோ ஒரு கப்பல் ஊதியது. பூரணி திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினாள்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்குப் பள்ளிக்கூடமோ?"

"இல்லை. இண்டைக்கு லீவு."

"லாஞ்சு?"

"லாஞ்சும் இல்லை."

அவள் தலையைத் திரும்பத் தலையணையில் வைத்தாள். பிறகு, சின்னப் பிள்ளை உத்தரவு கேட்பதுபோலக் கேட்டாள்.

"அப்ப நான் தண்ணி குடிக்கலாம்தானே?"

குணரத்தினம் குசினிக்குப் போனார். அன்றைய அளவுத் தம்ளர் காலையிலேயே முடிந்துபோயிருந்தது. மண்பானைக்கு முன்னால் நின்றார். டொக்டர் சொன்னது நினைவில்லாமல் இல்லை. ஒவ்வொரு சொல்லும் நினைவிருந்தது. தம்ளரை ஒதுக்கிவைத்துவிட்டு, பெரிய செம்பை எடுத்துப் பானைக்குள் அமிழ்த்தி, வழிய வழியத் தூக்கினார். நிலத்தில் சிந்தச் சிந்தக் கொண்டுவந்து, அவளுடைய தலையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி, செம்பை வாயில் வைத்தார்.

பூரணி ஒரு மிடறு குடித்தாள். இன்னொரு மிடறு குடித்தாள். பிறகு கையால் செம்பை மெல்ல விலக்கினாள்.

"குடி, பூரணி" என்றார். "இன்னும் கிடக்கு. ஆசைக்குக் குடி."

"காணும்" என்றாள்.

அவர் மறுபடியும் செம்பைக் கிட்டக் கொண்டுபோனார். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, மிச்சத்தை நீங்கள் குடியுங்கோ என்பதுபோலச் செம்பை அவர் பக்கம் தள்ளினாள்.

மகன் வந்து முகம் பார்த்தான். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை அவள் போய்விட்டாள். சாவீட்டுக்கு மூதூரிலிருந்து லாஞ்சில் வந்த பரீதா, நோன்பைப் பற்றித் தான் சொன்ன பகிடியைச் சொல்லிச் சொல்லி அழுதாள். நீ ஒன்றும் செய்யவில்லை பிள்ளை என்று நல்லம்மா அவளைத் தேற்றினாள். வேலிக்கு மேலால் தான் கேட்ட கேள்வி அவளுக்கு நினைவிருந்ததா என்று குணரத்தினத்துக்குத் தெரியவில்லை. அவர் கேட்கவுமில்லை.

முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்து அவர் மீண்டும் வாட்டர் போட்டுக்குப் போனார். வேலை பழைய வேலைதான். கப்பலோடு படகை அணைத்துக் கட்டி, ஏணியில் ஏறி, ஆள் எத்தனை என்று கேட்கிறார். எத்தனை நாள் ஓட்டம் என்று கேட்கிறார். முன்பெல்லாம் உடனே வரும் கணக்கு இப்போது சற்று நின்றுதான் வருகிறது. தண்டலுக்கு வயது போய்விட்டது என்று கூட வேலை செய்கிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இவ்வளவு தேவையில்லையே, கணக்குக் கூடிவிட்டதே என்று சில அதிகாரிகள் கடதாசியைத் திருப்பிக் காட்டுகிறார்கள். கூடித்தான் இருக்கிறது. அவர் தலையை ஆட்டிவிட்டுக் குழாயைத் திறக்கச் சொல்லிக் கை காட்டுகிறார்.